நிகின்க்ஸ், கியூப் கட்டில், சூடு: டெக் பெயர்களை எப்படித்தான் சொல்றது?

[ஒலிப்பதிவில் இருந்த திரும்பச் சொல்லல்களை நீக்கி, வாசிக்க வசதியாகத் தொகுக்கப்பட்டது.]

இந்த வாரம் நான் பெங்களூருல இல்லை. எங்க ஊர் கம்பைநல்லூர்ல, வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பதிவு பண்ணிட்டிருக்கேன். தருமபுரி மாவட்டத்துல இருக்கிற ஒரு பேரூராட்சி. நடுவுல சேவல் கூவினாலோ, டிராக்டர் போனாலோ கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இந்த எபிசோடுக்குக் காரணம் என் சித்தி பொண்ணு. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறா. அடுத்த வாரம் அவளுக்கு வாழ்க்கையில முதல் இன்டர்வியூ. நேத்து ராத்திரி ஒரு நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பியிருந்தா. அதுல பதினொரு பெயர் இருந்தது, எல்லாமே டெக் உலகத்துல தினமும் புழங்குற பெயர்கள்தான். கீழ ஒரு வரி எழுதியிருந்தா: "அண்ணா, இதையெல்லாம் வச்சு வேலை செய்யத் தெரியும். வாயால சொல்லத்தான் தெரியாது."

அந்த வரியைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் தூக்கம் வரலை. ஏன்னா எட்டு வருஷத்துக்கு முன்னாடி அதே பட்டியல் என் கையிலயும் இருந்தது. ஆனா இதை யார்கிட்டயாவது கேட்கலாம்னுகூட எனக்கு அப்போ தோணலை.

நாலு தடவை சொன்னேன்

என் முதல் இன்டர்வியூ பெங்களூருல. எங்க ஊர்ல இருந்து தருமபுரி வந்து, அங்கிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியா பஸ்ல போனேன். எதிர்ல ரெண்டு பேர். ஒரு வெப்சைட்டுக்குத் திடீர்னு கூட்டம் அதிகமானா என்ன செய்வேன்னு கேட்டாங்க. எனக்கு நல்லா தெரிஞ்ச விஷயம். வர்ற கோரிக்கைகளை வாங்கி, பின்னாடி இருக்கிற நாலஞ்சு சர்வருக்குப் பிரிச்சு அனுப்புற ஒரு மென்பொருளை முன்னாடி நிறுத்தணும். அதோட பேர் என், ஜி, ஐ, என், எக்ஸ். அஞ்சு எழுத்து.

நான் "நிகின்க்ஸ்"னு சொன்னேன். அவங்க முகத்துல ஒண்ணும் தெரியலை. விளக்கிக்கிட்டே போனேன். மொத்தம் நாலு தடவை "நிகின்க்ஸ்". அப்புறம்தான் ஒருத்தருக்குப் புரிஞ்சது. "ஓ, என்ஜின் எக்ஸ்?"னு கேட்டார். பக்கத்துல இருந்தவரைப் பார்த்தார், ரெண்டு பேரும் சிரிச்சாங்க. பெரிய கேலியெல்லாம் இல்லை, ரெண்டு செகண்ட் சிரிப்புதான்.

வேலை கிடைக்கலை. அதுக்கு உச்சரிப்புதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தச் சிரிப்புக்கு அப்புறம் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் ஒழுங்கா பதில் சொல்லலைன்னு எனக்கே தெரியும். நான் அந்த மென்பொருளைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் படிச்சிருந்தேன், போன்ல, பிடிஎஃப்ல. அந்தப் பேரை யாரும் வாயால சொல்லி நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லை. காலேஜ்லயும் இல்லை, ஊர்லயும் இல்லை.

எழுத்தை நம்பி வளர்ந்தவங்க

நான் ஏன் அப்படிப் படிச்சேன்? இதுக்கு ஒரு காரணம் இருக்கு. அது நம்ம மொழியிலயே இருக்கு.

எங்க ஊர்ப் பேரையே எடுத்துக்கலாம். கம்பைநல்லூர். தமிழ் தெரிஞ்ச யார்கிட்ட எழுதிக் கொடுத்தாலும் சரியாப் படிச்சிடுவாங்க. முதல்ல வர்ற 'க' அழுத்தமா வரும். 'ம்'முக்கு அடுத்து வர்ற 'பை' தானா மெலிஞ்சு, 'பம்பரம்'ல ரெண்டாவதா வர்ற 'ப' மாதிரி ஒலிக்கும். அதுக்குன்னு தனி எழுத்து கிடையாது, தேவையும் இல்லை. மெல்லின மெய்க்கு அடுத்து வர்ற வல்லினம் மெலியும்ங்கிறது நம்ம வாய்க்கே பழகிப்போன விதி. தமிழ்ல எழுத்தைப் பார்த்தா ஒலி தெரிஞ்சிடும். சின்னச் சின்ன விதிவிலக்கு இருக்கு, அவ்வளவுதான்.

அதே பேரை இங்கிலீஷ்ல எழுதி என் ஆபீஸ் நண்பர்கள்கிட்ட காட்டினா, "காம்பைனலூர்", "கம்பி நல்லூர்", "கேம்பைன் அல்லூர்"னு மூணு ஊர் கிடைக்கும். இங்கிலீஷ் எழுத்து ஒலியைச் சொல்லாது. அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சாதான் ஒலி தெரியும்.

இதுக்கு நம்ம மாநிலத்துலயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 2020 ஜூன் மாசம், 1,018 ஊர்ப் பெயர்களோட ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி ஒரு அரசாணை வெளிவந்தது. நோக்கம் நல்ல நோக்கம்தான். 'கோயம்பத்தூர்'ங்கிற ஆங்கில வடிவம் போய் 'கோயம்புத்தூர்' வரணும். ஆனா வேலூருக்கு ரெண்டு 'ஈ' போட்டாங்க. 'வே'ன்னு நீட்டிச் சொல்லணும்ங்கிறதுக்காகப் போட்டது. இங்கிலீஷ் படிச்ச கண்ணுக்கு அது 'வீலூர்'. ஒரே கிண்டல். அதே மாசத்துலயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு அரசாங்கமே உட்கார்ந்து யோசிச்சாலும், இங்கிலீஷ் எழுத்துல ஒலியைக் கட்டிப்போட முடியலைங்கிறதுதான் இதுல நமக்குக் கிடைக்கிற பாடம்.

அப்போ தமிழ் மீடியத்துல படிச்ச ஒரு பையன் என், ஜி, ஐ, என், எக்ஸைப் பார்த்தா என்ன செய்வான்? எழுத்தை நம்புவான். தமிழ்ல மெய்யெழுத்து சொல்லுக்கு முதல்ல வராது, அதனால நடுவுல ஒரு 'இ' போட்டு வாய்க்கு வசதி பண்ணிக்குவான். 'நிகின்க்ஸ்' அப்படித்தான் பிறந்தது. அது முட்டாள்தனம் இல்லைங்க. ஒரு விதியைச் சரியாப் பின்பற்றினதுதான், ஆனா அந்த விதி செல்லாத ஊர்ல.

தங்கச்சியோட பட்டியல்

சரி, பட்டியலுக்கு வருவோம். இந்தப் பெயர்களை மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒவ்வொண்ணும் எப்படிப் பிறந்ததுன்னு தெரிஞ்சா உச்சரிப்பு தானா நிக்கும். நான் இதை நாலு கூட்டமாப் பிரிக்கிறேன்.

முதல் கூட்டம், வார்த்தைகளை ஒட்டியோ வெட்டியோ செஞ்ச பெயர்கள்.

நம்ம பழைய எதிரி, என்ஜின் எக்ஸ். ரஷ்யாக்காரர் இகோர் சிசோயெவ் எழுதி 2004-ல பொதுவுல வெளியிட்டது. 'என்ஜின் எக்ஸ்'ங்கிற பேரை ஒலிக்கு ஏத்த மாதிரி சுருக்கி எழுதினதுதான் அந்த அஞ்சு எழுத்து. முதல் எழுத்தை அதோட பேரால, 'என்'னு சொல்லணும். இதை யாராவது சொல்லாம நீங்களா கண்டுபிடிக்க வழியே இல்லை.

அடுத்தது இ, டி, சி, டி. இது 'எட்-சி-டி'. யூனிக்ஸ்ல அமைப்புக் கோப்புகள் இருக்கிற ஃபோல்டருக்கு 'எட்சி'ன்னு பேர். அந்த மாதிரித் தகவலை ஒரே கம்ப்யூட்டர்ல வைக்காம, பல கம்ப்யூட்டர்ல பரவலா வைக்கிற மென்பொருள் இது. அந்தப் பரவலைக் குறிக்கத்தான் கடைசியில ஒரு 'டி'. இந்தப் பேருக்குப் பின்னாடி எனக்கு ஒரு கதை இருக்கு, கடைசியில சொல்றேன்.

மூணாவது எஸ், யு, டி, ஓ. லினக்ஸ்ல நிர்வாகி அதிகாரத்தோட ஒரு கட்டளையை ஓட்ட முன்னாடி போடுற வார்த்தை. 'சூப்பர் யூசர் டூ'ங்கிறதோட சுருக்கம். கடைசியில இருக்கிறது 'செய்'னு அர்த்தம் வர்ற 'டூ'. அதனால 'சூடூ'. ரொம்பப் பேர் 'சூடோ'ங்கிறாங்க, அதுவும் எல்லாருக்கும் புரியும். ஆனா நமக்கு ஒரு வசதி. காப்பி எப்படி இருக்குன்னு கேட்டா "சூடு"ன்னு சொல்றோமே, அதோட கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டினா மூல உச்சரிப்பு வந்திடுச்சு. இந்த ஒண்ணுல நாம பிறக்கும்போதே சரி.

இந்தக் கூட்டத்துல கடைசி, கே, யு, பி, இ, அப்புறம் சி, டி, எல். குபர்னெட்டிஸுக்குக் கட்டளை கொடுக்கிற கருவி. 'கண்ட்ரோல்'ங்கிறதைத்தான் 'சி டி எல்'னு சுருக்கியிருக்காங்க. அதனால சிலர் 'கியூப் கண்ட்ரோல்', சிலர் 'கியூப் சி டி எல்', சிலர் சேர்த்து 'கியூப் கட்டில்'. மூணையும் ஒரே மீட்டிங்ல கேட்டிருக்கேன். முதல் தடவை கட்டில்னு கேட்டப்போ எங்க வீட்டுக் கயித்துக் கட்டில் ஞாபகம் வந்து சிரிச்சிட்டேன். மூணுல எதைச் சொன்னாலும் யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க.

ரெண்டாவது கூட்டம், வேற மொழியில இருந்து வந்த பெயர்கள்.

குபர்னெட்டிஸ். 2014-ல கூகுள் வெளியிட்டது. கிரேக்க வார்த்தை. கப்பலோட சுக்கானைப் பிடிச்சு நடத்துறவர்னு அர்த்தம். நமக்கு இதுக்கு அழகான சொல் இருக்கு, மீகாமன். அதே 2014-ல ஆர்யா நடிச்ச 'மீகாமன்' படம் வந்தது, ஞாபகம் இருக்கா? இங்கிலீஷ்ல 'கவர்னர்'ங்கிற வார்த்தையும் இதே வேர்ல இருந்து லத்தீன் வழியா வந்ததுதான். மென்பொருளைப் பெட்டி பெட்டியா கட்டி அனுப்புற கன்டெய்னர்களை வழிநடத்துறதால இந்தப் பேர். முழுசா எழுதச் சோம்பல் பட்டு, முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவுல எட்டு எழுத்து இருக்குன்னு 'கே எயிட் எஸ்'னும் எழுதுவாங்க. 'கூ-பர்-நெட்-டீஸ்'னு நாலு துண்டாச் சொல்லிப் பாருங்க, வந்திடும். நவீன கிரேக்கத்துல அதே சொல் 'கிவெர்னீதிஸ்' மாதிரி ஒலிக்கும். அப்படிப் பார்த்தா சிலிக்கான் வேலியில இருக்கிற எல்லாருமே இதைத் தப்பாத்தான் சொல்றாங்க.

அடுத்து வி, ஐ, டி, இ. வெப்சைட் செய்றவங்களுக்குத் தெரியும். நான் 'வைட்'னு படிச்சேன். இது பிரெஞ்சு வார்த்தை, 'சீக்கிரம்'னு அர்த்தம். சொல்றது 'வீட்'. நம்ம 'வீடு' இல்லை, கடைசியில 'ட்' அழுத்தமா நிக்கணும்.

மூணாவது, டி-யில ஆரம்பிக்கிற 'ஜாங்கோ'. பைத்தான்ல வெப்சைட் கட்டுறதுக்கான சட்டகம், 2005-ல வெளிவந்தது. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்னு ஒரு ஜாஸ் கிட்டார் மேதை. அவர் பேரை வச்சாங்க. முதல்ல இருக்கிற டி பேசாது. 'டிஜாங்கோ' வேண்டாம்.

மூணாவது கூட்டம், எழுத்தெழுத்தாச் சொல்ற பெயர்கள். இங்கதான் சுவாரசியமான சண்டை.

எஸ் க்யூ எல். டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேட்கிற மொழி. 1970-கள்ல ஐ.பி.எம்ல டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் உருவாக்கினப்போ இதுக்கு வச்ச பேரே 'சீக்வல்'தான். அது ஏற்கெனவே ஒரு பிரிட்டிஷ் விமான நிறுவனத்தோட வணிகக் குறியா இருந்ததால, உயிரெழுத்துகளை எடுத்துட்டு எஸ் க்யூ எல்னு ஆக்கினாங்க. அதனால 'சீக்வல்'னு சொல்றவங்க பிறந்தப்போ வச்ச பேரைச் சொல்றாங்க. 'எஸ் க்யூ எல்'னு சொல்றவங்க ரேஷன் கார்டுல இருக்கிற பேரைச் சொல்றாங்க. ரெண்டும் ஒரே ஆள்.

அப்புறம் பைத்தான் பேக்கேஜ்கள் எல்லாம் இருக்கிற களஞ்சியம். பி, ஒய், பி, ஐ. இதை 'பை-பை'ன்னு சொன்னா மாட்டிக்குவீங்க. 'பை-பை'ன்னு தனியா வேற ஒண்ணு இருக்கு, பைத்தான் நிரல்களை வேகமா ஓட்டுறதுக்கானது. களஞ்சியம் 'பை-பி-ஐ'. இந்தப் பட்டியல்லயே உச்சரிப்பு மாறினா அர்த்தமே மாறிப்போற ஒரே பேர் இதுதான். இதை மட்டும் நிஜமாவே மனசுல வச்சுக்கணும்.

நாலாவது கூட்டம், இன்னும் தீர்ப்பு வராத வழக்குகள்.

சி மொழியில ஒரு எழுத்தை வச்சுக்கிற வகை. சி, எச், ஏ, ஆர். 'கேரக்டர்'ல இருந்து வெட்டினதால 'கேர்'னு சிலர், 'கார்'னு சிலர், எழுத்துப்படி 'சார்'னு சிலர். சி பிளஸ் பிளஸை உருவாக்கின பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரூப், அழுத்தமான 'ச்சார்'தான் வழக்கம், 'கார்' இல்லைன்னு எழுதி வச்சிருக்கார். ஆக, லேப்ல "சார், இந்த சார் வரலை சார்"னு சொன்ன நம்ம ஆளுங்க அவர் கட்சி. இன்னொரு விஷயம், தன் பேரை எப்படி உச்சரிக்கணும்னு அவர் குரல் பதிவே போட்டு வச்சிருக்கார். அவ்வளவு பெரிய மனுஷருக்கும் இந்தத் தொல்லை.

கடைசி, ஆர், இ, ஜி, இ, எக்ஸ். எழுத்துக் கூட்டத்துல ஒரு வடிவத்தைத் தேடுறதுக்கான குறிமுறை. 'ரெகுலர்'ல இருந்து வந்ததால 'ரெகெக்ஸ்'னு ஒரு கட்சி, வாய்க்கு வசதியா 'ரெஜெக்ஸ்'னு ஒரு கட்சி. எந்தப் பக்கம் வேணும்னாலும் போங்க.

பேர் வச்சவர் சொன்னா முடிஞ்சதா?

இப்போ நீங்க கேட்கலாம், உருவாக்கினவர் என்ன சொல்றாரோ அதுதானே சரி? அப்படித்தான் நானும் நினைச்சேன்.

வாட்ஸ்அப்ல ஆடுற படம் அனுப்புறோமே, ஜி ஐ எஃப். 1987-ல கம்ப்யூசர்வ்ல ஸ்டீவ் வில்ஹைட் உருவாக்கினது. 2013-ல அவருக்கு வெபி விருது கொடுத்தாங்க. அந்த மேடையில, இது 'ஜிஃப்', 'கிட்டார்'ல வர்ற 'கி' இல்லைன்னு திரையில ஒரு ஆடுற படமாவே காட்டினார். உலகம் கேட்டுச்சா? இல்லை. இன்னைக்கும் பாதிப் பேர் அவர் வேண்டாம்னு சொன்னதைத்தான் சொல்றாங்க. அகராதிகள் ரெண்டையும் ஏத்துக்குது.

லினஸ் டோர்வால்ட்ஸும் தன் குரல்லயே லினக்ஸை எப்படிச் சொல்றேன்னு ஒரு பதிவு வெளியிட்டார். அவர் பின்லாந்துல ஸ்வீடிஷ் பேசி வளர்ந்தவர். 'லினுக்ஸ்' மாதிரி வரும். 'லைனக்ஸ்'னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க, அவங்க சர்வரும் நல்லாத்தான் ஓடுது.

எனக்குப் பிடிச்ச நிலைப்பாடு மை எஸ் க்யூ எல்காரங்களுடையது. அவங்க கையேட்டுலயே அதிகாரப்பூர்வ உச்சரிப்பு 'மை எஸ் க்யூ எல்'னு போட்டுட்டு, 'மை சீக்வல்'னு சொன்னாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லைங்கிற மாதிரி எழுதியிருக்காங்க. அதுல இருக்கிற 'மை' இங்கிலீஷ் வார்த்தைகூட இல்லை. உருவாக்கினவர்கள்ல ஒருத்தரான மாண்டி விடேனியஸோட மகள் பேர். அந்தப் பேரை அவங்க மொழியில சொல்றது 'மை'ன்னும் இல்லை, 'மியூ'வுக்குப் பக்கத்துல வர்ற ஒரு ஒலி. ஆக அதிகாரப்பூர்வ உச்சரிப்பே ஒரு சமரசம்தான்.

நம்ம பெயர்கள் அங்க போனா

இதுல நாம எப்பவும் வாங்குற பக்கம் மட்டும் இல்லை. 'எழில்'னு ஒரு நிரல்மொழி இருக்கு. முத்து அண்ணாமலை உருவாக்கினது, 2009-ல அதைப் பத்திக் கட்டுரையும் வெளியிட்டார். முழுக்கத் தமிழ்லயே நிரல் எழுதலாம். திரையில காட்ட 'பதிப்பி', நிபந்தனைக்கு 'ஆனால்', முடிக்க 'முடி'. இங்கிலீஷ்ல அதோட பேரை எழுதும்போது 'ழ'வுக்கு இசட், எச் ரெண்டையும் சேர்த்துப் போடுறோம். ஒரு அமெரிக்கர் அதை எப்படிப் படிப்பார்? 'மெஷர்', 'விஷன்'ல நடுவுல வர்ற ஒலியைப் போட்டு 'எஷில்' இல்லைன்னா 'எஜில்'. நாம 'ழ'வை மனசுல வச்சு எழுதினோம், அவருக்கு எழுத்து மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. அவர் அங்க நிகின்க்ஸ், நாம இங்க சிரிக்கிற ஆள்.

யூனிகோடுல நம்ம எழுத்துகளுக்கு வச்ச பேரைப் பாருங்க. 'ல'வுக்கு ஒரு எல். 'ள'வுக்கு ரெண்டு எல். 'ழ'வுக்கு மூணு எல். இதை எந்த வாயாலயும் சொல்ல முடியாது. யூனிகோடுல ஒரு தடவை வச்ச பேரை மாத்த மாட்டாங்க, அதனால அது அப்படியே இருக்கும்.

பெயர்கள் எல்லை தாண்டும்போது ஒலி மாறுறது நமக்குப் புதுசும் இல்லை. வடசொல் தமிழுக்குள்ள வந்தா வடவெழுத்தை விட்டுட்டு நம்ம எழுத்துக்கு மாறணும்னு தொல்காப்பியமே வழி சொல்லுது. லட்சுமணன் கம்பர்கிட்ட இலக்குவன் ஆனது அப்படித்தான். ஒரு நிரல்மொழிக்கு 1995-ல ஜாவான்னு பேர் வச்சாங்களே, அந்தத் தீவை நம்ம மணிமேகலை 'சாவகம்'னு சொல்லுது. அதை யாரும் தப்பான உச்சரிப்புன்னு சொல்றதில்லை.

நான் வாயைத் திறக்காத ராத்திரி

அப்போ எதுக்கு இவ்வளவு கவலை, எப்படியோ சொல்லிட்டுப் போகலாமேன்னு தோணும். இங்கதான் எட்-சி-டி கதை.

அந்த முதல் இன்டர்வியூவுக்கு அப்புறம் வேற ஒரு கம்பெனியில வேலை கிடைச்சது. ஆனா நான் ஒரு பழக்கம் பண்ணிக்கிட்டேன். சந்தேகமா இருக்கிற எந்தப் பேரையும் மீட்டிங்ல சொல்ல மாட்டேன். "அந்த வெப் சர்வர்", "அந்தக் கன்டெய்னர் சமாச்சாரம்"னு சுத்தி வளைப்பேன். முடியலைன்னா பேசவே மாட்டேன். ரொம்ப அமைதியான பையன்னு பேர் வாங்கினேன்.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாம் நின்னுடுச்சு. பதினஞ்சு பேர் வாய்ஸ் கால்ல இருக்கோம். எதை மாத்தினாலும் கிளஸ்டர் ஏத்துக்க மாட்டேங்குது. நான் லாக்ல பார்த்தேன், காரணம் அங்கேயே இருந்தது. எட்-சி-டிக்கு இயல்பா 2 ஜிபி அளவு வரம்பு உண்டு. அதைத் தாண்டிட்டா எதையும் புதுசா எழுத விடாது. அது நிரம்பியிருந்தது. எனக்கு அது தெரியும், சரிபண்ணவும் தெரியும். பழைய பதிப்புகளைக் கழிக்கணும், காலியான இடத்தை ஒழுங்குபடுத்தணும், அலாரத்தை எடுத்துவிடணும்.

ஆனா அந்தப் பேரை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. மனசுக்குள்ள அதை 'எட்க்ட்'னு படிச்சிட்டிருந்தேன். பதினஞ்சு பேர் முன்னாடி அதைச் சொல்லத் துணிச்சல் வரலை. சாட்ல டைப் பண்ணினேன். எல்லாரும் பேசிட்டிருந்தாங்க, யாரும் சாட்டைப் பார்க்கலை. 40 நிமிஷம் கழிச்சு வேற ஒருத்தர் அதே காரணத்தைக் கண்டுபிடிச்சார்.

மறுநாள் மேனேஜர் சாட்டைப் பார்த்துட்டுக் கூப்பிட்டார். "உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கே, ஏன் பேசலை?" மைக் வேலை செய்யலைன்னு பொய் சொன்னேன். இன்னைக்குத்தான் இதை முதல் தடவையா வெளியில சொல்றேன்.

அன்னைக்கு நான் 'எட்க்ட்'னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? யாராவது "எட்-சி-டியா?"ன்னு கேட்டிருப்பாங்க. ரெண்டு செகண்ட். அந்த ரெண்டு செகண்டைத் தவிர்க்க நான் 40 நிமிஷத்தைக் கொடுத்தேன்.

அதனால, இதைச் செய்ங்க

தங்கச்சிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்.

ஒண்ணு. புதுசா ஒரு கருவியைக் கத்துக்கிட்டா, அதை உருவாக்கினவர் பேசுற ஒரு வீடியோவை அஞ்சு நிமிஷம் கேளுங்க. படிச்சதைக் காதுக்கும் கொடுக்கணும். பல கருவிகளோட அறிமுகப் பக்கத்துலயே உச்சரிப்பையும் போட்டிருப்பாங்க.

ரெண்டு. பேரோட பிறப்பைத் தேடுங்க. சுருக்கமா, வேற மொழியா, யாரோட பேராவதா. அது தெரிஞ்சா ஒலி மறக்காது.

மூணு. தமிழ் எழுத்துல மட்டும் குறிச்சு வச்சுக்காதீங்க. 'கிட்'னு எழுதினா, கிட்டார்ல வர்ற 'கி'யா, கிட்டத்தட்டல வர்ற 'கி'யான்னு நாளைக்கு உங்களுக்கே தெரியாது. லினஸ் எழுதின அந்தக் கருவி கிட்டார் 'கி'. இதுக்கு நல்ல வழி, போன்ல குரலாப் பதிவு பண்ணி வச்சுக்கிறது.

நாலு. இன்டர்வியூல சந்தேகமா இருந்தா, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டு ஒரு வரி சேர்த்துக்கோங்க: "இதைப் படிச்சுத்தான் பழக்கம், நீங்க எப்படிச் சொல்வீங்க?" கேட்ட உடனே அது தப்பா இல்லாம ஒரு கேள்வியா மாறிடும். அதுக்கு அப்புறம் உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க, நிறுத்தாதீங்க.

அஞ்சாவது உங்களுக்கு இல்லை, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு. நம்ம கேட்போர்ல நிறையப் பேர் இப்போ இன்டர்வியூ எடுக்கிற இடத்துக்கு வந்திருப்பீங்க. ஒருத்தர் பேரைத் தப்பாச் சொன்னா, அவர் அதை யார் துணையும் இல்லாம தனியாப் படிச்சுக் கத்துக்கிட்டார்னு அர்த்தம். அடுத்த வாக்கியத்துல நீங்க அந்தப் பேரைச் சரியாச் சொல்லிட்டுப் போங்க, போதும். அவர் பிடிச்சுக்குவார்.

இன்னைக்குக் காலையில தங்கச்சி வீட்டுக்கு வந்தா. பதினொண்ணையும் சத்தமாச் சொல்லச் சொன்னேன். எங்க அம்மா வெங்காயம் உரிச்சிட்டே கேட்டுட்டிருந்தாங்க. பத்து சரி. குபர்னெட்டிஸ் மட்டும் "குபேர் நெட்டிஸ்"னு வந்தது. அம்மா, "குபேரன் பேர்ல வேற ஒண்ணு வச்சிருக்கானா"ன்னு கேட்டாங்க. அவளுக்குச் சிரிப்பு தாங்கலை. திருத்தலாமான்னு யோசிச்சு, விட்டுட்டேன். "அது என்னன்னு சொல்லு பார்க்கலாம்"னு கேட்டேன். அஞ்சு நிமிஷம் நிறுத்தாம விளக்கினா. நான் கேட்ட ரெண்டு குறுக்குக் கேள்விக்கும் பதில் வந்தது.

அடுத்த வாரம் அவ இன்டர்வியூ எப்படிப் போச்சுன்னு சொல்றேன். நீங்க இன்னும் சொல்லப் பயப்படுற பேர் ஏதாவது இருந்தா எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. டைப் பண்ணாதீங்க, வாயால சொல்லி அனுப்புங்க. சந்திப்போம்.